ட்ரூப் இல்லாத ஊரில் சாரணியர்: லோன் ஸ்கவுட்டா, ஜூலியட்டா?

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சாரணியர் ஆக வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் இருப்பதில் கிட்டத்தில் உள்ள ட்ரூப்புக்கே, அதாவது சாரணியர் குழுவுக்கே, ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், பனிக்காலத்தில் அந்தச் சாலையை நம்பிக் கிளம்ப முடியாது. சரி, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று பார்த்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன.

ஒன்று லோன் ஸ்கவுட், அதாவது தனிச் சாரணர். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய சிகாகோ பதிப்பாளர் வில்லியம் பாய்ஸ், கிராமத்துப் பிள்ளைகளுக்காகவே 1915-இல் இதைத் தனி அமைப்பாக ஆரம்பித்தார். 1924-இல் அது பெரிய இயக்கத்தோடு இணைந்தது. அந்த இயக்கம் இப்போது ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. இன்னொன்று கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பின் ஜூலியட். ட்ரூப் இல்லாமல் தனியாகப் பதிவு செய்யும் பெண் பிள்ளைகளுக்கு, 1912-இல் சவானாவில் இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கார்டன் லோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வீட்டில் மகன், மகள் இருவரும் ஒரே அமைப்பில் சேர வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், லோன் ஸ்கவுட் மட்டும்தான்.

தினசரி நடைமுறையில்தான் பெரிய வித்தியாசம். மூன்றாம் வகுப்புக் குழந்தை லோன் ஸ்கவுட்டில் 'பேர்' (கரடி) என்ற நிலையில் இருக்கும். கட்டாயம் செய்ய வேண்டியவை ஆறு, விருப்பப்படி இரண்டு, எட்டும் முடிந்தால் அந்த நிலை முடிந்தது. புத்தகம் வரிசையாக வழிகாட்டும். வேலைக்குப் போய்க் களைத்து வரும் பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி. விருப்பப் பகுதியில் கத்தியால் மரம் செதுக்கவும் பாதுகாப்பாகக் கற்றுத்தருகிறார்கள். என் மகள் கண் அகலப் பார்த்த பக்கம் அது.

ஜூலியட்டாகச் சேர்ந்தால் அதே குழந்தை 'பிரௌனி' என்ற நிலையில் இருக்கும். எந்த பேட்ஜ் முதலில் என்பதை அவளே முடிவு செய்யலாம். பெரும்பாலான பேட்ஜ்களில் ஐந்து படிகள், ஒவ்வொரு படிக்கும் மூன்று வழிகள், அவற்றில் ஒன்றைச் செய்தால் போதும். நொறுக்குத்தீனி பேட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். காரத்துக்குச் சுண்டல், குடிப்பதற்கு லஸ்ஸி என்று நம் வீட்டுச் சமையலறையே அதற்குப் போதும். தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் வந்ததும் அவள் என்னை எழுப்பிவிட்டு வேலை ஆரம்பித்த சனிக்கிழமைகள் உண்டு.

இரண்டிலும் ஒரு பெரியவர் முறைப்படி பதிவு செய்து, குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியையும் பின்னணிச் சோதனையையும் முடிக்க வேண்டும். லோன் ஸ்கவுட்டில் அவருக்கு 'நண்பரும் ஆலோசகரும்' என்று பெயர், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் சொல்லிக்கொடுப்பதும் அம்மா, சரிபார்ப்பதும் அம்மா என்றால் சாரணியம் இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும். முடிந்தால் சில பகுதிகளையாவது வேறொருவர் கையில் கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே மாலையில் மகளுக்கு மூன்று முடிச்சுகள் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரு வாரம் முயன்றும் அவளுக்குப் பிடிபடாத முடிச்சுகள் அவை.

வெளி ஆட்களோடு பழகுவதில் ஜூலியட்டுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு இருக்கிறது, நிதி திரட்டுவதற்காகப் பிள்ளைகளே பிஸ்கட் விற்கும் குக்கீ விற்பனை. தனி உறுப்பினரும் விற்கலாம். ட்ரூப்பில் பணம் குழுவுக்குப் போகும். ஜூலியட்டுக்கோ பல கவுன்சில்களில் (அமைப்பின் வட்டாரக் கிளைகளில்) கேம்ப், சீருடை போன்றவற்றுக்குப் பயன்படும் கணக்காகச் சேரும். கூச்ச சுபாவமுள்ள குழந்தை ஒரு கதவைத் தட்டி வாய்திறந்து பேசுவது எனக்கு எந்த பேட்ஜையும்விடப் பெரிது.

அப்புறம், பெரிய வகுப்புகளில் என்ன ஆகும்? ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் உச்ச நிலையான ஈகிள் ஸ்கவுட் ஆக 21 மெரிட் பேட்ஜ்கள் வேண்டும். லோன் ஸ்கவுட்டும் ஈகிள் ஆகலாம். ஆனால் அந்த ஏணியே குழுவை மனதில் வைத்துக் கட்டியது. ட்ரூப் நடவடிக்கை, பொறுப்புப் பதவி என்று வரும் இடங்களில் எல்லாம் மாற்று வேலைக்கு ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். கேர்ள் ஸ்கவுட்ஸின் உச்ச விருதான தங்க விருது அடிப்படையிலேயே தனியாள் திட்டம். ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைத் தேர்ந்து, சுமார் 80 மணி நேரம் உழைக்க வேண்டும். தனியாக வளரும் பெண் பிள்ளைக்கு இந்தப் பாதை இயல்பாகவே பொருந்துகிறது.

வரிசை பிடிக்கும், கத்தியும் கூடாரமும் பிடிக்கும் என்ற குழந்தைக்கு நான் லோன் ஸ்கவுட்டைத்தான் சொல்வேன். என் மகள் தானே முடிவெடுக்க விரும்புகிறவள், நாங்கள் ஜூலியட்டைத் தேர்ந்தெடுத்தோம். இந்தக் கோடையில் கவுன்சில் நடத்தும் பகல்நேர கேம்ப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். சாரணியர் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். வீடியோ காலில் அதைப் பார்த்த பாட்டி, "இடது கையாலயா கண்ணு?" என்று பதறிவிட்டார். இதுவரை அப்படிக் கைகுலுக்க அவளுக்கு நானும் அவள் அப்பாவும்தான் இருந்தோம். ஜூனில் முதல் முறையாக அவள் வயதுப் பெண் ஒருத்தி கை நீட்டுவாள்.