கிளிநொச்சியில் இருந்துகொண்டு மென்பொருள் ஆலோசனை நிறுவனத்தில் வேலை: என் அனுபவம்

அலுவலகம் கொழும்பில், வாடிக்கையாளர் லண்டனில், நான் கிளிநொச்சியில். சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கச்சிகள் "அண்ணா, இந்த மாதிரி இடத்தில் சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குறைகளும் சொல்லப்போகிறேன்.

இது சொந்தமாக ஒரு செயலியைச் செய்து விற்கும் இடமில்லை, மற்றவர்களுக்கு எங்கள் நேரத்தை விற்கும் இடம். கொஞ்சக் காலம் ஒரு வங்கிக்கு, பிறகு ஒரு காப்புறுதிக் கொம்பனிக்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் எழுதிய கோட் (நிரல்) முழுவதையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். ஆகவே ஒருவர் தலைக்குள் மட்டும் கிடக்கிற விஷயத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை. எங்கள் இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கமே எல்லாவற்றையும் எழுதி வைப்பதுதான். இந்தத் தரவுத்தளத்தை ஏன் எடுத்தோம், மற்றதை ஏன் விட்டோம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, கோட் இருக்கும் இடத்திலேயே சேர்த்து வைப்பார்கள். 2011இல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் எழுதிக் காட்டிய முறை இது. சூழ்நிலை, முடிவு, விளைவு, பெரும்பாலும் அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் எனக்கு இது அலுப்பான வேலையாகத்தான் பட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது விளங்கியது. நான் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவை, இரவு கரண்ட் வந்த பிறகு வாசித்துவிட்டு அங்கிருந்தே தொடரலாம், யாரையும் நித்திரையால் எழுப்பத் தேவையில்லை.

இன்னொன்று, கோட் மாற்றங்களைச் சின்னச் சின்னதாக இன்னொருவர் சரிபார்க்க அனுப்புவது. நூறு வரி அனுப்பினால் பார்க்கிறவர் ஒழுங்காக வாசித்துப் பிழை பிடிப்பார், இரண்டாயிரம் வரி அனுப்பினால் "சரி, நல்லா இருக்கு" என்று விட்டுவிடுவார். மூத்தவர்கள் எழுதிய கோட் என்றாலும் ஜூனியர் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பது நம் ஊர் வழக்கத்துக்குப் புதுசு, பழக நாள் எடுக்கும்.

நேரம் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கோடையில் லண்டனில் காலை 9 மணி என்றால் எங்களுக்குப் பகல் 1.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் அது 2.30 ஆகிவிடும், கடைசி அழைப்பு இரவு பத்தரையைத் தொடும். இங்கே மாரி மழை தொடங்குவதும் அப்போதுதான், ஆகவே நல்ல பற்றரி இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வேலை செய்துவிட்டு அந்த லீவை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எடுக்க விடுகிறார்கள், இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

குறை என்றால் நேரக் கணக்கு. ஒவ்வொரு 15 நிமிடமும் யாருடைய கணக்கில் என்று பதிய வேண்டும், ஒரு ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்த நேரத்தைப் போட மட்டும் இடமில்லை. நல்ல பழக்கங்களைப் பற்றி மேடை போட்டுப் பேசும் மனேஜரே, வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் "டெஸ்ட் எல்லாம் பிறகு எழுதலாம்" என்பார், கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளைத்தான் சொல்கிறார். அந்தப் பிறகு வந்ததே இல்லை. இரண்டு வேலைத்திட்டங்களுக்கு இடையில் சும்மா இருக்கும் காலமும் அப்படித்தான், முதல் கிழமை படிக்கலாம் என்று சந்தோஷம், அப்புறம் வேலை போய்விடுமோ என்று வயிற்றைக் கலக்கும்.

சேர முதல் ஒப்பந்தத்தை வாசியுங்கள். தூர இருந்து வேலை செய்பவர்களை ஊழியராக இல்லாமல் தனிக் கொன்ட்ராக்டராக எடுத்து, கையில் வரும் தொகையைப் பெரிதாகக் காட்டுவது உண்டு. ஊழியராக எடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதத்தோடு அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேறாக 3 வீதம். அதையும் கூட்டிப் பார்த்துத்தான் சம்பளத்தை ஒப்பிட வேண்டும். பிறகு நேர்முகத்தில், போன வேலைத்திட்டத்தை வாடிக்கையாளரிடம் எப்படி ஒப்படைத்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.