வேர் பிடித்த ஜெரேனியம் என்று வெறும் குச்சியை அனுப்புகிறார்கள், கவனம்

மலைப்பகுதியிலிருந்து கூரியரில் செடி அனுப்பும் ஒருவரிடம் ஆறு ஜெரேனியம் பூச்செடிகள் வாங்கினோம். ஒன்று 120 ரூபாய், கூரியர் தனி. "எல்லாம் வேர் பிடிச்சது, ரெண்டு மாசச் செடி" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே சொன்னார். நான்காம் நாள் பார்சல் வந்தது. பிரித்ததுமே அழுகல் வாடை. சொட்டச் சொட்ட நனைந்த தேங்காய் நார்த்தூளை உருண்டை பிடித்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். லேசாக இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்தது. ஆறிலும் ஒரு வேர்கூட இல்லை. நான்கில் அடித்தண்டு இரண்டு அங்குலத்துக்கு மை பூசியதுபோல் கறுத்து, அழுத்தினால் நீர் கசிந்தது.

கேட்டதற்கு "நீங்க தண்ணி அதிகமா ஊத்திருப்பீங்க" என்றார். பார்சல் பிரித்த வீடியோவை அனுப்பியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கறுத்திருந்த தண்டு அது. இந்தக் கறுப்பழுகல் பித்தியம் என்ற, பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிரியால் வருவது. ஈரமும் காற்றில்லாத இறுக்கமும் இருந்தால் வேரில்லாத குச்சியைச் சில நாளிலேயே தின்றுவிடும். நாம் ஜெரேனியம் என்று வாங்குவது உண்மையில் பெலர்கோனியம், தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலிருந்து வந்த இனம். சதைப்பற்றான தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மற்ற குச்சிகளுக்குச் செய்வதுபோல் பாலித்தீன் கவர் போட்டு மூடினால் இது அழுகும்.

வாங்குமுன் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்க்கட்டி தெரிய, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளோடு போட்டோ கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். இலையின் அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். பழுப்புப் பொடி வட்டம் வட்டமாக இருந்தால் துரு நோய், மற்ற ஜெரேனியங்களுக்கும் பரவும்.

இதேபோல் பார்சல் வந்துவிட்டால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால், கறுப்புக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுமுகம் சுத்தமான வெளிர்பச்சையாக வர வேண்டும், அந்தத் துண்டைக் கீழே சொல்வதுபோல் நடலாம். நடுவில் பழுப்புக் கோடு தெரிந்தால் நோய் மேலே ஏறிவிட்டது, எறிந்துவிடலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடையுங்கள்.

நல்ல செடி ஒன்று கிடைத்தால் மறுபடி யாரிடமும் வாங்கத் தேவையில்லை. பூக்காத கிளை நுனியில் 8 முதல் 10 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு மூன்று இலை போதும். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். இலைக்காம்பின் அடியில் காகிதம்போல் ஒட்டியிருக்கும் சின்னச் செதில்களையும் உரித்தெடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், அழுகல் அங்கேயும் தொடங்கலாம். நிழலில் சில மணி நேரம் வைத்து வெட்டுவாயை உலரவிட்டு, பாதி கழுவிய பெருமணல், பாதி நார்த்தூள் கலவையில் 3 செ.மீ. ஆழம் நடுங்கள். வேர் ஹார்மோன் தேவையில்லை. நட்ட அன்று ஒருமுறை தண்ணீர், பிறகு மேல்கலவை காய்ந்தால் மட்டும். வெளிச்சமான நிழல் போதும். மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். அதுவரை வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்காதீர்கள்.

சமவெளியில் கார்த்திகை, மார்கழிதான் இதற்கு நேரம். சித்திரை வெயிலில் வைக்கும் குச்சி பெரும்பாலும் தேறாது. ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் அதே மார்கழியில் உறைபனி படாமல் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.