சிஎன்ஜி கிட் போடப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். வீட்டில் இரண்டு கார். ஒன்றில் என் கணவர் தினமும் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறார். இன்னொன்று நான் ஓட்டும் சின்ன கார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. இரண்டுக்கும் சேர்த்து மாதம் பெட்ரோல் மட்டும் 17,000 ரூபாயைத் தாண்டியது. இன்சூரன்ஸும் சர்வீஸும் தனி. எதையாவது குறைத்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்து பேசியபோதுதான், சிலிண்டரும் பைப்பும் கொண்ட ஒரு கிட்டைப் பொருத்தி காரை சிஎன்ஜியில், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில், ஓட்டலாம் என்ற பேச்சு வந்தது.

அங்கீகாரம் பெற்ற ஒரு இடத்தில் விசாரித்தோம். ஒரு காருக்கு 65,000 சொன்னார்கள். அவருடைய அலுவலகத்தில் ஒருவர் சொல்லி இன்னொரு கடைக்குப் போனோம். அங்கே 42,000. இரண்டு காருக்கும் சேர்த்துப் போட்டால் 80,000. "அதே கிட், அதே சிலிண்டர்தானுங்க. ஆர்டிஓ வேலையும் நாங்களே பார்த்துத் தர்றோம், ஒரு மாசத்துல ஆர்சி கைக்கு வந்துரும்" என்றார் கடைக்காரர். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் கூடுதலாகும் என்றார். சரி என்று விட்டுவிட்டோம். கூகுள் பேயில் பணம் போனது, கையில் வந்தது ஒரு துண்டு ரசீது.

கணக்கை அன்றைக்கே ஒழுங்காகப் போட்டிருந்தால் என் காருக்கு இந்த கிட்டைப் போட்டிருக்கவே மாட்டோம். அவர் கார் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் லிட்டர் 101, சிஎன்ஜி கிலோ 91 என்று வைத்துக்கொண்டால் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். அங்கீகாரம் பெற்ற இடத்தில் 65,000 கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் போட்ட பணம் திரும்பியிருக்கும். என் கார் ஓடுவது மாதம் 500 கிலோமீட்டர். மிச்சமாவது ஆயிரம் ரூபாய்தான். 40,000 திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை அழுத்தி நிரப்பி, சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யும் காலமும் வந்துவிடும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது கட்டாயம். "ரெண்டுக்கும் சேர்த்துப் போடுங்க" என்று கடைக்காரர் சொன்னது அவருடைய லாபத்துக்கு.

நான்காவது மாதம் கிணத்துக்கடவு பக்கத்தில் அவர் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. வேன்காரர் நிற்கவில்லை. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிக்கியும் பம்பரும் போனதில் 38,000 ரூபாய் செலவு. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார், டிக்கியில் சிலிண்டர் இருக்கிறது. ஆர்சியில் எரிபொருள் 'பெட்ரோல்' என்றே இருந்தது. பாலிசியிலும் கிட் ஏறவில்லை. கிளெய்ம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். பாலிசியில் கிட்டைச் சேர்க்க எவ்வளவு ஆகியிருக்கும் என்று எங்கள் ஏஜென்டிடம் கேட்டேன். கிட் மதிப்பில் ஏறக்குறைய 4 சதவீதம், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாய் என்றார். வருடத்துக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

கடைக்குப் போன் போட்டோம். "போன வாரம்தானுங்க ஃபைல் போட்டிருக்கு, ஆபீஸ்ல லேட் பண்றாங்க" என்றார். அதையும் நம்பினோம்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக நான் கேஸ் போடும் பங்க்கில் கூட்டம், வேறு பங்க்குக்குப் போனேன். சிஎன்ஜி நிரப்பும்போது எல்லோரும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் ஓரமாக நின்றார்கள். அங்கிருந்த தம்பி பானெட்டைத் திறந்து, கேஸ் நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னார். சிலிண்டரின் கழுத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து செல்போன் டார்ச்சை அடித்தார். மறுபடி பானெட் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. ரெண்டு நம்பரும் வேறங்க."

குனிந்து பார்த்தேன். தகட்டில் ஒரு எண், டெஸ்ட் தேதி போன வருடம். சிலிண்டரின் கழுத்தில் உலோகத்திலேயே குத்தியிருந்தது வேறொரு எண். அதற்குப் பக்கத்தில், புதிதாக அடித்த பெயின்ட்டுக்கு அடியில், கடைசியாக டெஸ்ட் செய்த வருடம் 2017. யாரோ கழற்றிப் போட்ட பழைய சிலிண்டருக்கு பெயின்ட் அடித்து, வேறு சிலிண்டரின் தகட்டை முன்னால் ஒட்டி எனக்கு விற்றிருக்கிறார்கள். நான் வழக்கமாகப் போகும் பங்க்கில் தகட்டில் உள்ள தேதியை மட்டும் பார்த்து நிரப்பிவிடுவார்கள்.

"இதுக்கு கேஸ் போட முடியாதுங்க. பெட்ரோல்ல ஓட்டிட்டுப் போயிருங்க" என்றார் அந்தத் தம்பி. அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பாருக்குச் சற்று மேல் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார். அடுப்பு சிலிண்டரோடு இதை ஒப்பிடவே கூடாது. ஏழு மாதம் என் பிள்ளைகள் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுக்குப் பின்னால் இருந்தது இதுதான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் நிலையத்தில் சிலிண்டரைக் கழற்றினார்கள். கிளாம்ப் பிடித்திருந்த இடத்துக்கு அடியில் துரு பொரிந்து போயிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. காருக்கு அடியில் போகும் கேஸ் பைப்பை உலோக கிளிப் போட்டு இறுக்காமல், ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கால் கட்டியிருந்தார்கள். டெஸ்ட்டில் சிலிண்டர் தேறவில்லை. தேறாத சிலிண்டரை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அழித்துவிட வேண்டும் என்பது விதி. அவர்கள் தந்த சான்றிதழும் நான் எடுத்த படங்களும் மட்டும் என்னிடம் இருக்கின்றன.

அவர் காரின் சிலிண்டர் புதியதுதான், எண்ணும் சரியாக இருந்தது. ஆனால் அந்த மாடல் காருக்கு அந்த கிட்டுக்கு ஒப்புதலே கிடையாதாம். அதனால் ஆர்சியில் ஏற வழியே இல்லை. ஃபைல் போட்டதாகச் சொன்னது முழுப் பொய். ஆர்டிஓ அலுவலகத்தில் எங்கள் வண்டி எண்ணில் எந்த விண்ணப்பமும் இல்லை.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். உங்கள் கார் மாடலுக்குப் பொருந்தும் கிட்டின் ஒப்புதல் சான்று, பொருத்தும் கடைக்கு உள்ள அங்கீகாரச் சான்று, சிலிண்டரின் டெஸ்ட் சான்று மூன்றையும் கடைக்காரர் பணம் வாங்கும் முன்பே காட்ட வேண்டும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பொருத்திய பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத்தான் ஆர்சியில் 'பெட்ரோல்/சிஎன்ஜி' என்று மாற்றுவார்கள். மாறியதா என்று எம்-பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கிட் போட்டவர்கள் இன்றைக்கே டிக்கியைத் திறந்து, சிலிண்டரின் கழுத்தில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. வேறாக இருந்தால் இனி கேஸ் நிரப்ப வேண்டாம். நீங்களாக வால்வைத் திருகவும் வேண்டாம். பெட்ரோலில் ஓட்டி டெஸ்ட் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது அவர் காருக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் வேறு கிட் போட்டு, ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்றிவிட்டோம். என் கார் பழையபடி பெட்ரோல்தான்.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "அந்த சிலிண்டர் நாங்க போட்டதே இல்லீங்க, நீங்க வேற எங்கயோ மாத்தியிருக்கீங்க" என்றார். அதன் பிறகு போனையே எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தும் அவர் அசையவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

முறையான பில் இல்லாததுதான் எங்களுக்குப் பெரிய பலவீனம் என்று வக்கீல் சொன்னார். கூகுள் பே விவரம் பணம் போனதைக் காட்டும், எந்த சிலிண்டர் என்று காட்டாது. வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். கிட் போட்ட அன்று மாலை "வேலை முடிஞ்சுதுங்க மேடம்" என்று அவர்களே என் கார் டிக்கியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சிலிண்டரின் கழுத்தில் கடைசி நான்கு எண்கள் தெரிகின்றன. டெஸ்ட் நிலையத்தின் சான்றிதழில் இருப்பதும் அதே நான்கு எண்கள். இரண்டையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் விசாரணை.