மாலை ஆறரையா, விடியற்காலை நாலா: பிளஸ் டூ வரை தாங்கும் படிப்பு நேரம் எது?

பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதமே இந்த வழக்கு தொடங்கிவிடும். "நாலு மணிக்கு எழுந்து படி, அப்பதான் மண்டையில ஏறும்" என்பது பெரியவர்கள் கட்சி. "ராத்திரியே முடிச்சிட்டுப் படுக்கறேன்" என்பது பிள்ளைகள் கட்சி. பரீட்சைக்கு முந்தைய பத்து நாளுக்கு மட்டும் என்றால் எதுவும் ஓடும். ஜூனில் பிடித்து மார்ச் வரை விடாமல் இழுத்துப் போக வேண்டும் என்றால் என் ஓட்டு மாலைக்குத்தான்: ஆறரை முதல் ஒன்பதேகால் வரை.

விடியற்காலைக்கு உள்ள வசதிகளை மறுக்க ஒன்றுமில்லை. தெரு அடங்கியிருக்கும், டிவி ஓடாது, வகுப்பு வாட்ஸ்அப் குழு தூங்கிக்கொண்டிருக்கும். மாலையில் சீரியல் சத்தம், கொசு, விருந்தாளி, பள்ளியிலிருந்து கொண்டுவந்த களைப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும். அமைதியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் நாலு மணி ஜெயித்துவிடும். இரவு பத்துக்குத் தொடங்கி ஒரு மணி வரை என்று மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. மறுநாள் முதல் பீரியடில் கண் சொக்கும், அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

வழக்கைத் தீர்ப்பது தூக்கக் கணக்கு. 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. குறைந்தபட்சமான எட்டையே எடுத்துக்கொள்வோம். நாலு மணிக்கு எழ வேண்டுமானால் இரவு எட்டுக்குத் தூங்கியிருக்க வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் ஐந்தரைக்கு விட்டு, டியூஷன் எட்டுக்கு முடிந்து, ஒன்பது மணிக்குச் சாப்பிடும் பிள்ளை எட்டுக்கு எப்படித் தூங்கும்? சீக்கிரம் படுத்தாலும் பயனில்லை. பதின்ம வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறுவயதில் சுரந்ததைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும். எட்டரைக்கு விளக்கை அணைத்தால் பத்து வரை புரண்டு படுப்பதுதான் மிச்சம்.

ஆக, நடைமுறையில் பத்தரை முதல் நாலு வரை ஐந்தரை மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டரை மணி கடன். திங்கள் முதல் வெள்ளி வரை பன்னிரண்டரை மணி. அதை அடைக்க ஞாயிறு பதினொன்று வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும், திங்கள் அலாரம் இன்னும் கசக்கும். பெரிய நஷ்டம் பள்ளியில் நடக்கிறது. வகுப்பில் தூங்கிவழிந்தபோது நடத்திய கணக்கை மறுநாள் நாலு மணிக்கு எழுந்து தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். மேலும், கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் பின்பாதியில்தான் வருகிறது. நாலு மணி அலாரம் வெட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

மாலைக்கு இதிலேயே ஒரு சாதகமும் உண்டு. படித்துவிட்டுத் தூங்கினால், அதே அளவு நேரம் விழித்திருப்பதைவிடக் குறைவாக மறக்கிறோம் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பேக் என்ற இரு உளவியலாளர்கள் 1924இலேயே சோதித்துக் காட்டினார்கள். ஒன்பதேகாலுக்குப் புத்தகத்தை மூடி பத்துக்குப் படுப்பவருக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்தது, பழக்கம் அறுந்தால் மறுபடி ஒட்டுவது. ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று எல்லா வீட்டிலும் நாட்கள் தவறும். மாலையில் ஆறரை தவறினால் ஏழரைக்கு உட்காரலாம், பாதியாவது நடக்கும். நாலு மணி தவறினால் ஐந்தே முக்காலுக்குத்தான் விழிப்பு வரும், ஏழரைக்கு வேன் வந்து நிற்கும். அன்றைய படிப்பு முழுதாகப் போயிற்று. இப்படி இரண்டு நாள் போனால் மூன்றாம் நாள் அலாரத்தை அணைக்க மனசாட்சி உறுத்தாது. இன்னொன்றையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: பல வீடுகளில் நாலு மணிப் படிப்பு அம்மாவின் பழக்கம். எழுப்புவது, டீ போடுவது, தூங்காமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது எல்லாம் அவர்தான். அவருக்கு உடம்பு முடியாத வாரத்தில் பழக்கம் யாருடையது என்பது தெரிந்துவிடும்.

இனி மாலையை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம். பள்ளி விட்டு வந்ததும் உட்கார வைக்க வேண்டாம். சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம் மாதிரி ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுக் குளித்து வரட்டும். டீயோ காபியோ ஐந்து மணிக்குள் முடியட்டும். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக் காபி நள்ளிரவிலும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். இருட்டுவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்திவிட்டால் கொசுத் தொல்லை பாதி தீரும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கை நிழல் எழுத்தின் மேலேயே விழும். கட்டிலில் உட்கார்ந்து படிப்பது எட்டு மணிக்குப் படுத்துப் படிப்பதாக மாறும்.

ஆறரை முதல் ஏழேகால் வரை கணக்கு, இயற்பியல், கணக்குப்பதிவியல் என்று எது கடினமோ அது. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஹோம்வொர்க்கை முதலில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அது எட்டரை வரை நீளும். கடின பாடத்துக்கு மிஞ்சுவது சோர்ந்த கை மட்டும்தான். முக்கால் மணிக்கு ஐந்து கணக்கு போதும், தீர்வைப் பார்க்காமல் பேனாவால் முழுதாகப் போட வேண்டும். பத்து நிமிடம் எழுந்து நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஹால் பக்கமும் போன் பக்கமும் போனால் பத்து நிமிடம் நாற்பதாகும். "சந்தேகம் கேட்கிறேன்" என்று வாட்ஸ்அப்பைத் திறப்பதும் அதே கதைதான். சந்தேகங்களை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து மறுநாள் பள்ளியில் கேட்கலாம். ஏழு இருபத்தைந்து முதல் எட்டேகால் வரை ஹோம்வொர்க், பிறகு சாப்பாடு.

எட்டே முக்கால் முதல் ஒன்பதேகால் வரையிலான அரைமணிதான் முழு மாலையின் சாரம். புத்தகத்தை மூடிவிட்டு, அன்று வகுப்பில் நடத்திய மூன்று பாடங்களையும் வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும், பாடத்துக்கு ஏழெட்டு நிமிடம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது எரிச்சலாக இருக்கும், ஆனால் நிற்கும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதனால்தான் வாசித்தவுடன் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதை நம்பக்கூடாது. அந்தச் சிவப்பு மைத் தாள்களை மூன்றாம் நாள் ஒரு முறை, ஞாயிறு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் ரிவிஷன் பாதி முடிந்த மாதிரி.

படுக்கும் முன் ஒரு சீட்டு: நாளை எந்தப் பாடம், எந்தப் பயிற்சி, எந்தெந்தக் கணக்கு எண். அந்தப் பக்கத்திலேயே சீட்டை வைத்து மூடிவிட வேண்டும். மாலைப் படிப்பு வீணாவது பெரும்பாலும் "எதை எடுக்கலாம்" என்று புரட்டும் முதல் இருபது நிமிடத்தில்தான். ஸ்கெட்ச் பேனாவில் கால்மணிக் கட்டங்களாகப் போட்ட அட்டவணை சுவரில் அழகாக இருக்கும். ஒரு கட்டம் தவறினால் நாள் முழுக்கச் சரியும். மூன்று பெரிய கட்டங்கள் போதும்.

விடியற்காலையை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஆறு மணிக்கு எழுந்து இருபது நிமிடம் செய்யுள், சூத்திரம், ஒரு மார்க் கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். புதுப் பாடத்தை அப்போது தொடங்க வேண்டாம். பரீட்சை காலை பத்து மணிக்கு என்பதால், பிப்ரவரியிலிருந்து ஞாயிறுகளில் பத்து முதல் ஒன்றேகால் வரை ஒரு முழு மாதிரித்தாளை எழுதிப் பழகுவது இதைவிட முக்கியம்.

ஒற்றை அறை வீட்டில், பத்து மணி வரை டிவி ஓடும் இடத்தில், மாலைக் கட்சி வலுவிழக்கும். அங்கே ஒன்பதரைக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழுவது ஒருவேளை நன்றாக அமையலாம், சத்தத்தில் தூக்கம் வருமா என்பதுதான் கேள்வி. விடுதியில் மணியடித்துப் படிக்க வைப்பார்கள், அங்கே தேர்வே நம் கையில் இல்லை. டியூஷன் எட்டு வரை இருக்கும் நாட்களில் மற்ற இரண்டு கட்டங்களையும் விட்டுவிடலாம். வெற்றுத்தாள் அரைமணியை மட்டும் விடக்கூடாது, ஏனென்றால் டியூஷனில் பலகையில் போட்டவர் ஆசிரியர், பிள்ளை இன்னும் ஒரு கணக்கும் தானாகப் போட்டிருக்காது. வாரத்தில் ஆறு நாளும் டியூஷன் என்றால் அதில் இரண்டு நாளைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.