அடாப்டர் உள்ள ஹப்பா, இல்லாததா?

கம்ப்யூட்டரின் ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சின்னப் பெட்டிதான் யூஎஸ்பி ஹப். அதில் செருகப்போவது மவுஸ், கீபோர்ட், பென்டிரைவ் மட்டும்தான் என்றால், சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் அடாப்டர் இல்லாத சின்ன ஹப்பே போதும். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.

ஆனால் அது கம்ப்யூட்டரின் ஒரே போர்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். யூஎஸ்பி 2.0 என்றால் 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. செருகிய எல்லாம் அதைத்தான் பங்குபோட வேண்டும். வெளி ஹார்ட்டிஸ்க்கைச் செருகினால் சிலவேளை டிக் டிக் என்று சத்தம் வரும், கோப்பு பாதியில் நின்றுவிடும். படங்கள், கணக்குகள் எல்லாம் அதில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. அடாப்டர் உள்ளதையே வாங்குங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு யூபிஎஸ்ஸில் போடுவது நல்லது.

அப்புறம், உப்புவெளி மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று செருகுவாயின் உலோகத்தை அரிக்கும். எந்த ஹப்பானாலும் பாவிக்காத நேரம் மூடி வையுங்கள்.