"ஏழு யுனெஸ்கோ தலங்கள், ஒரே நாள்": காத்மாண்டு பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

காத்மாண்டு வந்த ஒரு தமிழ்க் குழுவுக்கு ஓர் ஏஜென்ட் விற்ற தாளில் இருந்தது இது: "ஏழு யுனெஸ்கோ தலங்கள், இரண்டு அருங்காட்சியகங்கள், ஒரே நாள், நுழைவுக் கட்டணம் உட்பட." அவர்களுக்குக் கிடைத்தது மூன்று அரண்மனைச் சதுக்கங்களில் ஒரு சுற்று, பூட்டிக் கிடந்த ஒரு அருங்காட்சியகத்தின் வாசல், நடுவே தங்கா எனும் பௌத்தத் துணி ஓவியங்களை விற்கும் இரண்டு கடைகள். ஏஜென்டின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட, அந்தத் தாளில் எந்தெந்த வரியில் பணம் கசிந்தது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களைக் காப்பாற்றும்.

முதல் பொய் "ஒரே நாள்". 1979-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஏழு இடங்கள் உண்டு: காத்மாண்டு, பாடன், பக்தபூர் என மூன்று தர்பார் (அரண்மனை) சதுக்கங்கள், ஸ்வயம்பு, பௌத்தா என இரண்டு தூபிகள், பசுபதிநாத், சாங்கு நாராயண் என இரண்டு கோயில்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சாங்கு நாராயண் பக்தபூருக்கு வடக்கே ஒரு மலைமுகட்டின் நுனியில் இருக்கிறது. ஸ்வயம்புவும் குன்றின் மேல்தான். நகர நெரிசலில் கார் ஊர்ந்துதான் போகும். பாடன் அருங்காட்சியகத்தை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே இரண்டு மணி நேரம் வேண்டும்; நேபாளத்தில் ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும் என்றால் அதைத்தான் சொல்வோம். ஒரே நாள் என்று எழுதியவர் உங்களை எங்கும் உள்ளே விடப்போவதில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்று நாள் ஒதுக்குங்கள். காத்மாண்டு சதுக்கமும் ஸ்வயம்புவும் ஒரு நாள். பசுபதியும் பௌத்தாவும் அருகருகே இருப்பதால் காலையில் அவை, பிற்பகல் பாடன். மூன்றாம் நாள் காலையிலேயே சாங்கு நாராயண், பிறகு பக்தபூர். சாங்குவில் கி.பி. 464-ஐச் சேர்ந்த மானதேவ மன்னனின் கல்வெட்டுத் தூண் இருக்கிறது, அவசரமாக ஓடிவிடாதீர்கள். பெரியவர்கள் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்வயம்புவின் கிழக்கு வாசலில் செங்குத்தாக 365 படிகள். மேற்குப் பக்கமாகக் கார் வெகுதூரம் மேலே போகும், அங்கிருந்து படிகள் குறைவு. எந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள் என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, கிழமை. சௌனியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. நாராயண்ஹிட்டி அரண்மனை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. அந்தக் குழுவைக் கூட்டிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்டதற்கு "உள்ளே மராமத்து நடக்கிறது" என்று பதில். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கு பார்த்தாலும் சாரம் கட்டியிருந்ததால் இந்தச் சாக்கு எளிதாக எடுபடுகிறது. தசைன், திஹார் பண்டிகை நாட்களிலும் இதே கதை. நாராயண்ஹிட்டிக்குள் பை, கேமரா, செல்போன் எடுத்துப்போக முடியாது, வாசலில் ஒப்படைக்க வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பணம் அதிகமாகப் போனது டிக்கெட்டில்தான். பெரும்பாலான தலங்களில் மூன்று விலை: நேபாளிகளுக்கு, சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு, பிற வெளிநாட்டவருக்கு. சார்க் விலை வெளிநாட்டு விலையைவிட வெகுவாகக் குறைவு. இந்திய, இலங்கைக் குடிமக்கள் இருவருக்கும் அது பொருந்தும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குப் பொருந்தாது. அடையாள ஆவணம் கையில் இருந்தால்தான் சலுகை, அதனால் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள். அந்த ஏஜென்ட் எல்லோரிடமும் வெளிநாட்டு விலை வாங்கிக்கொண்டு கவுன்ட்டரில் சார்க் டிக்கெட் எடுத்தார். டிக்கெட்டை யார் கையிலும் கொடுக்கவில்லை. பசுபதிநாத்தில் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அதற்கும் ஒரு தொகை தாளில் இருந்தது.

டிக்கெட்டில் எது அடக்கம் என்பதும் முக்கியம். பாடன் சதுக்க டிக்கெட்டில் பாடன் அருங்காட்சியகம் அடக்கம், அதற்குத் தனிப்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பக்தபூரில் அப்படியில்லை: ஊருக்கு ஒரு டிக்கெட், உள்ளேயுள்ள அருங்காட்சியகங்களுக்கு வேறு டிக்கெட். பக்தபூரில் மறுநாளும் வருவதாக இருந்தால் முதல் நாளே பாஸ்போர்ட்டைக் காட்டி டிக்கெட்டின் காலத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள்.

இனி "ஐசி, என்சி". இந்திய ரூபாயை ஐசி என்றும் நேபாள ரூபாயை என்சி என்றும் அங்கே எல்லோரும் சொல்வார்கள். 1993-இலிருந்து 100 ஐசிக்கு 160 என்சி என்பது நிலையான விகிதம், நாளுக்கு நாள் மாறாது. டாக்சிக்காரர் "ஐந்நூறு" என்று மட்டும் சொல்லி ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது ஐசி என்றால் நீங்கள் கொடுப்பது 800 என்சி. பேக்கேஜிலும் அதுவே நடந்தது. வெளிநாட்டு விலையான 1000 என்பது என்சி, அதாவது 625 ஐசி. அதை 1000 இந்திய ரூபாயாகவே வசூலித்தார்கள். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஐசியா என்சியா என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் ஆளிடம் பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள்.

கடைகளுக்கு வருவோம். "ஓவியப் பள்ளி, சும்மா பாருங்கள்" என்று வழிகாட்டி கூட்டிப்போகும் இடம் பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் தரும் கடை. உங்கள் ஒரு மணி நேரம் அங்கே விற்கப்படுகிறது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். கையால் வரைந்த தங்காவில் தூரிகைக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். அச்சிட்டு மேலே பூசியதில் வண்ணத்துக்கு அடியில் ஒரே அளவுப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். முகத்தையும் விரல்களையும் பாருங்கள், தில்லுமுல்லு அங்கேதான் பிடிபடும்.

"நூறு வருடப் பழைய சிலை" என்று விற்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது பொய்யென்றால் பணம் போச்சு, உண்மையென்றால் நாட்டைவிட்டு எடுத்துப்போவதே குற்றம். பழையதுபோலத் தோற்றமளிக்கும் புதுச் சிலைக்கும் தொல்லியல் துறையின் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. பாடனிலிருந்து 1984-இல் திருடு போன லட்சுமி-நாராயணர் கற்சிலை, அமெரிக்காவின் டாலஸ் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்து, 2021-இல்தான் ஊர் திரும்பியது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இன்னொரு இடம் இமயமலையிலுள்ள முக்திநாத் கோயில். அங்கே போக, போக்ராவிலிருந்து அதற்கு அருகிலுள்ள ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டும்தான். முற்பகல் தாண்டினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும், பிறகு இறங்க முடியாது. மேகம் மூடினால் அன்றைக்கு ரத்து. ரத்தானதும் ஏஜென்ட் ஜீப் பிடித்துத் தந்து அதற்குத் தனியாக வாங்கிக்கொள்வார், விமானக் கட்டணம் அவரிடமே நிற்கும். "வானிலையால் விமானம் ரத்தானால் கட்டணம் முழுதும் திரும்பும், ஜீப் செலவு அதிலிருந்து கழியும்" என்ற வரி பணம் கட்டும் முன்பே தாளில் வரவேண்டும். இந்தப் பயணத்துக்கு மட்டும் உபரியாக ஒரு நாள் வைத்திருங்கள். கோயில் 3,700 மீட்டருக்கு மேல், உடம்புக்கும் அந்த நாள் தேவை. முக்திநாத் இருக்கும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டிலும் சார்க் விலை உண்டு: 3000 என்சி அல்ல, 1000.

ஏமாந்துவிட்டால் காத்மாண்டிலேயே சுற்றுலாக் காவலரிடம் போங்கள், பிரிகுட்டி மண்டபத்தில் இருக்கிறார்கள், தொலைபேசி எண் 1144. நிகழ்ச்சித் தாள், பணம் கட்டிய ரசீது, ஒவ்வொரு தலத்தின் டிக்கெட் துண்டு மூன்றும் கையில் இருக்கட்டும். துண்டு தராவிட்டால் அந்தந்த வாசலிலேயே கேட்டு வாங்குங்கள்; வண்டியில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.