கம்போங் அட்மிரல்ட்டி: முற்றத்துக்கு முழு மார்க், வீடுகளுக்குக் கொஞ்சம் குறைவு

கட்டடம் பார்க்கும் ஆசையோடு சிங்கப்பூர் வருகிறவர்கள் எல்லாரும் மரினா பே பக்கம்தான் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் நேரே உட்லண்ட்ஸுக்குப் போகச் சொல்வேன். அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒட்டியே நிற்கிறது கம்போங் அட்மிரல்ட்டி, மூத்தோர் வீடுகளையும் மருத்துவ நிலையத்தையும் உணவங்காடியையும் ஒன்றாகச் சேர்த்த கட்டடம். 2018-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்று பரிசு வாங்கியது. உள்ளே உட்கார்ந்து மீ (நூடுல்ஸ்) சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது சந்தேகம், தெரியாததால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இடம் பெரிதில்லை. 0.9 ஹெக்டர்தான், உயரமும் 45 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. வழக்கமாக என்ன நடக்கும்? மருத்துவத்துக்கு ஒரு துண்டு, உணவங்காடிக்கு ஒரு துண்டு, மூத்தோர் வீடுகளுக்கு ஒரு துண்டு என்று ஆளுக்கொரு மூலையாகப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தில் கார் நிறுத்துவார்கள். இங்கே அரசு வீடுகளைக் கட்டும் வீவகவும் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடக் கலைஞர்களான வோஹா நிறுவனமும் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். கிளப் சாண்ட்விச் என்று அவர்களே அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அடியில் பொது முற்றம், இரண்டாம் தளத்தில் உணவங்காடி நிலையம், அதற்கு மேல் அட்மிரல்ட்டி மருத்துவ நிலையம், உச்சியில் படிப்படியாக ஏறும் பூங்கா, அதோடு 11 மாடிக் கட்டடங்கள் இரண்டில் 104 வீடுகள்.

புகைப்படங்களில் எல்லாரும் மொட்டைமாடிப் பச்சையைத்தான் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது கீழே இருக்கிற முற்றம். மேலே இருக்கும் கட்டடமே அதற்குக் கூரை, பக்கங்கள் திறந்து கிடக்கின்றன, அதனால் வெயிலும் உறைக்காது, மழை பெய்தால் எழுந்து ஓடவும் வேண்டாம், காற்று தானாக வந்து போகிறது. ஏசி கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கலாம், எதுவும் வாங்க வேண்டியதில்லை, யாரும் என்ன வேலை என்று கேட்பதில்லை. நம் ஊர்ப் பக்கம் ஆலமரத்தடி செய்த வேலையைக் கான்கிரீட்டில் செய்யவைத்திருக்கிறார்கள், அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஊரில், இது சின்ன காரியமில்லை.

அப்புறம் அந்த அடுக்கு. வயதானவருக்கு ஒரு நாளில் என்ன வேலை இருக்கும்? டாக்டர், சாப்பாடு, பேரப்பிள்ளை, நாலு பேரோடு பேச்சு. ரத்தப் பரிசோதனை முடிந்ததும் லிஃப்டில் இறங்கினால் கோப்பி கிடைக்கும், மேலே ஏறினால் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நிபுணரைப் பார்க்கவும், படுக்கத் தேவையில்லாத சின்ன அறுவை சிகிச்சைக்கும் பெரிய மருத்துவமனை வரை அலைய வேண்டாம். பசுமைக் கட்டடம் என்றால் எத்தனை செடி என்று எண்ணுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பஸ்ஸோ டாக்சியோ ஏறாமல் ஒரு நாளை முடிக்க முடிகிறதே, மிச்சமாகிற எரிபொருளைவிட மிச்சமாகிற முழங்கால் வலி பெரிது.

செடிகளும் சும்மா அழகுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூங்கா விரிந்திருக்கும் தளங்களே அடியில் இருக்கும் அறைகளுக்கு வெயில் மறைப்பு. மழைநீர் செடிப் படுகைகளின் மண் வழியாக வடிந்து, சுத்தமாகித் தொட்டியில் சேர்ந்து, திரும்பத் தோட்டத்துக்கே போகிறது. குடியிருப்பாளர்கள் கீரை, காய் போட்டுக்கொள்ளப் பாத்திகளும் இருக்கின்றன.

இதோடு ஒப்பிட என் வீட்டுப் பக்கம் ஒரு சமூக மன்றம் இருக்கிறது, பெயர் வேண்டாம். கூரை முழுக்கச் சூரியத் தகடு, நான்கு பக்கமும் கண்ணாடி. ஏசியை நிறுத்தினால் ஐந்து நிமிடம் தாங்காது. வெளியே உட்கார ஒரு பெஞ்சு இல்லை, நிகழ்ச்சி இல்லாத நாளில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். தகடு தயாரிக்கிற மின்சாரம் யாருக்காக என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, குறைகள். வீடுகள் 36, 45 சதுர மீட்டர்தான், ஒருவருக்கோ ஒரு தம்பதிக்கோ போதும். வாசல்களில் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசப் பெஞ்சுகள் போட்டது அருமையான யோசனை, வயதானவர்களைக் கதவுக்கு வெளியே இழுப்பதே பெரிய பாடு. ஆனால் 30 ஆண்டுக் குத்தகை, வெளிச்சந்தையில் விற்க முடியாது. 55 வயதில் வாங்குகிறவருக்கு 85 வரைதான், அதற்குப் பிறகு என்ன என்ற கவலை இருக்கத்தானே செய்யும். அதோடு இத்தனை வசதிகளை அடுக்கிய இடத்தில் வீடு கிடைத்தது வெறும் 104 குடும்பங்களுக்கு. சுற்றுவட்டாரத்து மக்கள் எல்லாரும் வந்து பயன்படுத்தலாம் என்பதால் இதைப் பெரிய குற்றமாக்க மாட்டேன்.

இன்னொன்று, இதை அப்படியே வேறு இடத்தில் நகலெடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: எம்ஆர்டி வாசலில் நிலம் கிடைத்ததும், பல அரசு அமைப்புகள் ஒரே வரைபடத்துக்குச் சம்மதித்ததும்தான் பாதி வேலை. செடி வைப்பது அதற்கு அப்புறம்.

என் கணக்கில் முற்றத்துக்கும் அடுக்குக்கும் 5-க்கு 5, வீட்டுத் திட்டத்துக்கு 3. போகிறவர்கள் காரை எடுக்காதீர்கள். உணவங்காடியில் கிட்டத்தட்ட 900 இருக்கைகள், இருந்தாலும் மதியம் 12 முதல் 1.30 வரை தவிர்த்தால் நிம்மதி. மாலை 5 மணிக்கு மேல் கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு தளமாக ஏறிப் பாருங்கள். வீடுகள் இருக்கும் தளங்களில் மட்டும் கேமராவைத் தூக்காதீர்கள், அங்கே பெஞ்சில் இருப்பவர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.